நலம், வீடு திரும்பினாள்

மனநோய் விடுதியில்
சமையற்கட்டுக் கணக்கு என்னுடையது.
ரொட்டி எத்தனை, பால் எத்தனை படி,
ஞாயிறன்று மாட்டிறைச்சி எத்தனை ராத்தல்.
நோயாளிகளின் பெயர் வேறொரு ஏட்டில் இருக்கும்.
ஒர்சொலாவை மட்டும் எனக்குத் தெரியும்.

ஆண்டுதோறும் மார்ச்சில்,
போ ஆற்றுச் சமவெளியின் மூட்டம் விலகி
முதல் வெயில் வயலில் விழும் வாரத்தில்
அவளைக் கட்டைவண்டியில் கொண்டுவருவார்கள்.
கழுத்தைச் சுற்றிச் செங்கறுப்பாய் ஒரு வளையம்,
பழுக்கக் காய்ச்சிய அட்டிகையைப்
பூட்டிக் கழற்றியதுபோல.
மணிக்கட்டுவரை தோல் வெடித்து உரிந்து
இரண்டு கைக்கும் கையுறை.
தண்ணீரைக் கண்டால் குதிக்கப் போவாள்.
அவளுக்காகவே கிணற்றுக்கு மூடி போட்டோம்.

பெல்லாக்ரா என்றார் டாக்டர் ஃபவ்ரேத்தி.
பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் நஞ்சு என்றார்.
ஆர்சனிக்கைத் துளித்துளியாய் எண்ணிக் கொடுத்தார்.
நான் என் ஏட்டில்
பால், ரொட்டி, எலும்புச்சாறு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் தன் பெயரைச் சொன்னாள்.
ஐந்தாம் வாரம் பாத்திரம் கழுவ வந்து நின்றாள்,
கைத்தோல் புதிதாக,
நடக்கப் பழகாத பிள்ளையின் உள்ளங்கால் நிறத்தில்.

வீட்டில் காலையில் என்ன சாப்பாடு?
போலெந்தா.
மதியம்?
மஞ்சள் களிதான், பலகையில் கொட்டி நூலால் அறுப்போம்.
தொட்டுக்கொள்ள?

சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.
உத்தரத்திலிருந்து ஒரு கருவாடு தொங்குமாம்.
ஒன்பது பேரும் வரிசையாகத்
தம் துண்டை அதன்மேல் ஒருமுறை தேய்ப்பார்களாம்.
கடிக்கக் கூடாது.
ஈஸ்டர்வரை வர வேண்டும்.
அவள் முறை கடைசி.

கோழி இல்லையா?
உண்டு. முட்டையை விற்றுத்தான் உப்பு வாங்குவோம்,
உப்புக்கு வரி ஏறிவிட்டது.
பசு?
பசு பண்ணையாருடையது. சாணம் எங்களுடையது.

மே மாதம் டாக்டர் பேனாவை நனைத்து எழுதுவார்:
நலம், வீடு திரும்பினாள்.
ஐந்து மே மாதம், ஐந்து முறை, அதே கையெழுத்து.
நலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.
அடுத்த சொல்லைத்தான்
கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் முறை
ஒரு பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி
அவள் கூடைக்குள் வைத்தேன்.
என் ஏட்டில், எலி தின்றது.

அடுத்த மார்ச்சில் வந்தாள்.
கட்டி என்ன ஆயிற்று?
வெகுநேரம் யோசித்தாள், என்னை யாரென்று தெரியவில்லை.
பங்கு போட்டோம் என்றாள் கடைசியில்.
உனக்கு?
கழுத்தைத் தொட்டாள்.
நான் கொடுத்த துணியை
அந்த வளையத்தின்மேல் சுற்றியிருந்தாள்,
வெயில் படாமல்.

அந்த மே மாதம் டாக்டர் வேறு பக்கத்தில் எழுதினார்.
அன்று பால் ஒரு படி மிச்சம்.

இப்போது அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.
பூஞ்சை அல்ல, நஞ்சு அல்ல,
களியில் இருந்ததால் வந்ததல்ல,
இல்லாததால் வந்ததாம்.
ரொவிகோவில் மருந்துக்கடைக்காரர்
சின்னப் புட்டியைத் தூக்கிக் காட்டினார்.
வைட்டமின், அம்மா. ஆளுக்கு ஒரு நாளைக்கு
இவ்வளவே இவ்வளவு போதும் என்று
விரல்நுனியில் ஒரு கல்லுப்பை ஒட்டவைத்துக் காட்டினார்.

உப்புக்குப் பெறாத அளவு.

விலை கேட்டேன்.
லிராவில் சொன்னார்.
கணக்குப்பிள்ளைப் புத்தி எங்கே போகும்,
முட்டையில் மாற்றிப் பார்த்தேன்.

ஏழு முட்டை.